பசித்த மூளையின் விழிப்பு

1990களின் முதற்பாதியில் ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் போரால் அடைபட்டுக் கிடந்தபோது, யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு வன்னிக்குப் போய்வர மிஞ்சியிருந்த வழி பளைக்குப் பக்கத்துக் கிளாலிக் கரைதான். பகலில் வள்ளம் விட முடியாது. பொழுதுபடக் கரைக்கு வந்து, முறை வரும்வரை காத்திருந்து, வெளிச்சமில்லாமல் ஏறி, விடியமுன் மறுகரையில் இறங்கிவிட வேண்டும். 1993 ஜனவரி 2ஆம் திகதி கடற்படை அந்த வள்ளங்களைத் தாக்கியதில் பொதுமக்கள் பலர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பயணம் நிற்கவில்லை. அந்தக் கடனீரேரியைக் கடந்தவர்கள் இன்றைக்கும் பளையில் இருக்கிறார்கள். கேட்டுப் பார்த்தால், வயிற்றில் ஒன்றுமில்லை, நெஞ்சு படபடத்தது, ஒரு பொட்டுக் கண் மூடவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்கள். மறுகரையில் கஞ்சியோ தேத்தண்ணியோ உள்ளே போன பிறகுதான் உடம்பு சரிந்ததாம்.

பசியையும் பயத்தையும் விழிப்பையும் அவர்கள் சேர்த்துச் சொல்வது மிகச் சரி. நாங்கள்தான் பிரித்து வைத்திருக்கிறோம். பசியில்லை என்றால் ஒரு மருந்து, நித்திரை வரவில்லை என்றால் இன்னொரு மருந்து, மாதவிடாய் பிந்தினால் வேறொரு கிளினிக். மூளைக்குள் இவற்றுக்கெல்லாம் ஒரே இருப்பிடம். மூளையின் அடிப்புறத்தில், கபச்சுரப்பிக்கு நேர் மேலே, ஏறத்தாழ நான்கு கிராம் எடையுள்ள பகுதி அது. உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு அதைப் பரிவகக்கீழ் என்று தெரியும். வைத்தியர்கள் ஹைப்போதலமஸ் என்பார்கள். அங்குள்ள நரம்புக்கலங்கள் பெப்டைட் எனப்படும் சின்னஞ்சிறு இரசாயனங்களைச் சுரந்துதான் உடம்பின் சுரப்பிகளையும் அனுசேபத்தையும் விழிப்பையும் நடத்துகின்றன.

பெப்டைட் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று கோத்த குறுஞ்சங்கிலி. சங்கிலி நீண்டு மடிந்தால் அதைப் புரதம் என்கிறோம். மூளைப் பெப்டைட்டுகளில் மிகச் சிறியவற்றில் ஒன்று மூன்று அமினோ அமிலம் கொண்டது. பெரியவற்றில் நாற்பதுக்கு மேல் இருக்கும். அவற்றில் ஒன்று வேலை செய்வதைப் பார்க்கப் பளையிலிருந்து ஏ9 வீதியால் தெற்கே போனால் போதும். ஆனையிறவு உப்பளத்தில் கோடை வெயிலில் உப்பு வாருகிறவரின் உடம்பிலிருந்து வியர்வையாக நீர் போகப் போகக் குருதியின் செறிவு ஏறுகிறது. நூற்றுக்கு ஒன்றிரண்டு வீதம் ஏறினாலே பரிவகக்கீழ் அதை உணர்ந்துவிடும். உடனே வாசோபிரசின் என்ற பெப்டைட் கபச்சுரப்பியின் பின்பக்கத்தால் குருதியில் இறங்கிச் சிறுநீரகத்தைப் போய்ச் சேர்கிறது. வெளியே போகவிருந்த நீரைச் சிறுநீரகம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. பின்னேரம் அந்தத் தொழிலாளியின் சிறுநீர் கடும் மஞ்சளாக, கொஞ்சமாகப் போவதற்குக் காரணம் இதுதான். வாசோபிரசினில் இருப்பவை ஒன்பது அமினோ அமிலங்கள். அவற்றில் இரண்டை மட்டும் மாற்றினால் ஒக்சிரோசின் வந்துவிடும். அது கருப்பையைச் சுருங்கவைத்துப் பிள்ளையை வெளியே தள்ளும், தாய்ப்பாலை இறங்கச் செய்யும். அமெரிக்க வேதியியலாளர் வின்சன்ட் டு விக்னோ 1953இல் ஒக்சிரோசினை ஆய்வுகூடத்தில் செய்து காட்டி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். மூளையின் இரசாயனம் ஒன்றை மனிதன் கையால் கோத்துச் செய்ய முடியும் என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

கபச்சுரப்பியின் முன்பக்கத்துக்கு மூளையிலிருந்து நரம்பு எதுவும் போகவில்லை. ஆனாலும் அது மூளை சொன்னபடி நடக்கிறது. எப்படி? இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹரிஸ், பரிவகக்கீழிலிருந்து கபச்சுரப்பிக்கு இறங்கும் மயிரிழைக் குருதிக் குழாய்களைச் சுட்டி, ஏதோ இரசாயனம் அந்தக் குழாய்களால் வருகிறது என்றார். அந்த இரசாயனத்தைப் பிடித்துத் தர ரோஜர் கில்லமின், அன்ட்ரூ ஷாலி என்ற இருவர் ஒருவரையொருவர் முந்தப் போட்டியிட்டுப் பதினைந்து ஆண்டுகள் உழைத்தார்கள். இறைச்சிக் கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் மூளைகள் வந்தன. கில்லமின் செம்மறியாட்டு மூளையில் தேடினார், ஷாலி பன்றி மூளையில் தேடினார். அத்தனையையும் அரைத்து, பிரித்து, வடித்து எடுத்தபோது மிஞ்சியது ஒரு சில மில்லிகிராம். 1969இல் இருவரும் ஒரே விடைக்கு வந்தார்கள்: மூன்றே மூன்று அமினோ அமிலம். கபச்சுரப்பி அதைக் கண்டு தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனைச் சுரக்கிறது. தைரொயிட் தைரொட்சினைச் சுரக்கிறது. உடம்பின் ஒவ்வொரு கலமும் எவ்வளவு வேகத்தில் சக்தியை எரிக்க வேண்டும் என்பதைத் தைரொட்சின் தீர்மானிக்கிறது. தைரொட்சினைச் செய்ய அயடீன் வேண்டும். அதற்காகத்தான் இலங்கையில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து சாப்பாட்டு உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக இருக்கிறது. 1977இல் கில்லமினும் ஷாலியும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பசியின் இருப்பிடத்தைக் கண்டவர் எங்கள் பக்கத்து மனிதர். லாகூரில் பிறந்த பால் கிருஷன் ஆனந்த் டெல்லியில் உடற்றொழிலியல் கற்பித்துக்கொண்டிருந்தவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போய் ஜோன் புரொபெக்குடன் சேர்ந்து 1951இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். எலிகளின் பரிவகக்கீழில், நடுவிலிருந்து சற்று விலகிய பக்கப்பகுதியில், மிகச் சிறிய ஓர் இடத்தை இரண்டு பக்கமும் மின்சாரத்தால் பொசுக்கினார்கள். எலிகள் சாப்பாட்டை அடியோடு விட்டன. உணவு முன்னால் இருக்கத்தக்கதாகவே பட்டினியால் செத்தன. ஒரு பக்கம் மட்டும் பொசுக்கினால் அப்படி நடக்கவில்லை. ஆனந்த் பின்னர் டெல்லியின் எய்ம்ஸ் மருத்துவ நிறுவனத்தில் உடற்றொழிலியல் துறையைக் கட்டியெழுப்பினார். 1964இல் அவரது குழு, அந்த இடத்தில் உள்ள தனித்தனி நரம்புக்கலங்கள் குருதியின் குளுக்கோசு ஏறி இறங்குவதற்கேற்ப மாறி மாறித் துடிப்பதைப் பதிவுசெய்தது. பசியைப் பற்றி உலகத்தில் எழுதப்படும் எந்தப் பாடநூலும் ஆனந்தின் பெயரைத் தொடாமல் போக முடியாது. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருப்பது எனக்கு மனவருத்தம்.

அதே இடத்தின் இன்னொரு முகத்தை வியன்னாவில் கொன்ஸ்டன்டின் வொன் எகொனொமோ முன்னரே பார்த்திருந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் பரவிய ஒரு மூளை அழற்சி நோயில் சிலர் நாட்கணக்கில், வாரக்கணக்கில் நித்திரையாய்க் கிடந்தார்கள். வேறு சிலருக்கு நித்திரையே இல்லாமல் போயிற்று. இறந்தவர்களின் மூளையைத் திறந்து பார்த்த எகொனொமோ, நித்திரையாய்க் கிடந்தவர்களுக்குப் பரிவகக்கீழின் பின்பகுதியும், நித்திரை இழந்தவர்களுக்கு முன்பகுதியும் கெட்டிருந்ததைக் கண்டார். முன்பகுதிதான் நித்திரையைக் கொண்டுவருகிறது என்பதை, ஆனந்த் கட்டிய அதே எய்ம்ஸ் துறையில் வி. மோகன் குமாரும் சக ஆய்வாளர்களும் 1990களில் எலிகளில் உறுதிப்படுத்தினார்கள். ஆனால் பசி காணப்பட்ட பக்கப்பகுதியும் விழிப்புக்குரிய பின்பகுதியும் ஏன் இவ்வளவு நெருக்கமாக, ஒன்றின்மேல் ஒன்று படிந்து இருக்கின்றன என்ற கேள்விக்கு 1998 வரை விடை இல்லை.

அந்த ஆண்டு ஜனவரியிலும் பெப்ரவரியிலும், ஒன்றையொன்று அறியாத இரண்டு குழுக்கள் ஒரே பெப்டைட் சோடியை அறிவித்தன. கலிபோர்னியாவில் லூயிஸ் டி லெசியா, தோமஸ் கில்டஃப், கிரெகர் சட்கிளிஃப் ஆகியோர் ஹைப்போகிரெட்டின் என்று பெயர் வைத்தார்கள். டெக்சாசில் தகேஷி சகுராய், மசாஷி யனாகிசாவா குழு ஒரெக்சின் என்றது. இங்கே ஒரெக்சின் என்றே எழுதுகிறேன். ஒரெக்சின் ஏ-யில் 33 அமினோ அமிலங்கள், பி-யில் 28. மனித மூளையில் இதைச் செய்யும் கலங்கள் ஏறக்குறைய எழுபதினாயிரம்தான். கோடானுகோடி நரம்புக்கலங்கள் உள்ள மூளையில் அது கணக்கிலேயே வராத தொகை. எல்லாம் ஆனந்த் பொசுக்கிய அந்தப் பக்கப்பகுதியிலும் அதன் அயலிலும் மட்டுமே இருக்கின்றன. அங்கிருந்து அவற்றின் நார்கள் மூளை முழுவதும், முண்ணாண் வரைக்கும் ஓடுகின்றன.

டெக்சாஸ் குழு இதைப் பசிப் பெப்டைட் என்றே நம்பியது. எலியின் மூளைக்குள் செலுத்தினால் எலி கூடுதலாகச் சாப்பிட்டது. ஆகவே ஒரெக்சினே செய்ய முடியாத எலிகளை உருவாக்கி, அவை எவ்வளவு சாப்பிடுகின்றன என்று அளந்தார்கள். பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. எலி இரவில் நடமாடும் பிராணி, பகலில் பார்த்துப் பயனில்லை என்று இருட்டில் அகச்சிவப்புக் கமராவை வைத்தார்கள். படத்தில் தெரிந்தது எவரும் எதிர்பாராதது. சுறுசுறுப்பாக ஓடித் திரிந்த எலி திடீரென்று பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. சில நொடிகளில் எழுந்து, எதுவும் நடக்காததுபோல் விட்ட இடத்திலிருந்து ஓடியது. முதலில் வலிப்பு என்று நினைத்தார்கள். மூளை அலைகளைப் பதிந்து பார்த்தபோது வலிப்பு இல்லை. நார்கொலெப்சி என்று வைத்தியர்கள் சொல்லும் நித்திரை நோய் அது.

இந்த எலி ஆய்வு வெளிவந்த அதே 1999இல் ஸ்டான்ஃபோர்டில் எமானுவல் மின்யோ, பத்தாண்டுகள் தேடிய ஒன்றைக் கண்டுபிடித்தார். அங்கே பரம்பரையாக நார்கொலெப்சி உள்ள டோபர்மான் நாய்களை வளர்த்துவந்தார்கள். அந்த நாய்க்குப் பிடித்த இறைச்சித் துண்டைக் காட்டினால் சந்தோசத்தில் வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து வரும். வந்த வேகத்தில் பின்கால் மடங்கி, தலை சரிந்து, உணவுக்குப் பக்கத்திலேயே விழுந்துவிடும். கண் திறந்திருக்கும், உணர்வும் இருக்கும், தசைகளில் மட்டும் பலமிருக்காது. அந்த நாய்களில் ஒரெக்சினை ஏற்கும் இரண்டாம் வாங்கியின் பரம்பரையலகு கெட்டிருந்தது. அடுத்த ஆண்டு தோமஸ் தன்னிக்கல், ஜெரோம் சீகல் குழு, நார்கொலெப்சி இருந்து இறந்தவர்களின் மூளையில் ஒரெக்சின் கலங்களை எண்ணிப் பார்த்தது. நூற்றுக்கு 85 முதல் 95 வரை அழிந்திருந்தன. பக்கத்திலிருந்த மற்றக் கலங்களுக்கு ஒரு சேதமும் இல்லை. எலி, நாய், மனிதன் என்று மூன்று திசையிலிருந்து வந்த சான்றுகள் இரண்டே ஆண்டுகளில் ஒரே இடத்தில் கூடியது, மூளை ஆய்வின் வரலாற்றில் மிக அழகான சம்பவங்களில் ஒன்று என்பேன்.

ஒரெக்சின் செய்வது என்ன? பரிவகக்கீழின் முன்பகுதியில் நித்திரைக் கலங்கள் இருக்கின்றன. மூளைத்தண்டிலும் பரிவகக்கீழின் பின்புறத்திலும் நொரட்ரீனலின், செரட்டோனின், ஹிஸ்டமின் சுரக்கும் விழிப்புக் கலங்கள் இருக்கின்றன. இரு தரப்பும் ஒன்றையொன்று அமுக்குகின்றன. ஆகவே மூளை ஒன்றில் விழித்திருக்கும் அல்லது நித்திரைகொள்ளும், நடுவில் நிற்காது. எங்கள் தோட்டக் கிணற்றுத் துலாவில் ஆள் ஏறி மிதித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். துலாவின் மேல் நிற்பவர் ஒரு பக்கம் நடந்தால் அந்தப் பக்கம் தாழும், அவர் நிற்கும்வரை தாழ்ந்தே இருக்கும். அவர் இறங்கிவிட்டால் துலா ஆடத் தொடங்கிவிடும். விழிப்புப் பக்கத்தில் கால் ஊன்றி நிற்பது ஒரெக்சின். அது இல்லாதவர் நாள் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மற்றவர்களைவிடப் பெரிதாகக் கூட நித்திரைகொள்வதில்லை. பகலில் நினையாத நேரத்தில் நித்திரைக்குள் விழுவதும், இரவில் நினையாத நேரத்தில் விழிப்பதுமாக ஆடுகிறார்.

சரி, இதற்கும் பசிக்கும் என்ன தொடர்பு? 2003இல் ஜப்பானிய ஆய்வாளர் அகிஹிரோ யமனாகா, சகுராய் ஆகியோர் எலிகளைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள். சாதாரண எலி பட்டினி கிடக்கக் கிடக்கக் கூடுதலாக விழித்திருந்தது, அங்குமிங்கும் ஓடித் தேடியது. ஒரெக்சின் கலங்கள் அழிக்கப்பட்ட எலி பட்டினியிலும் பழையபடியே கிடந்தது. ஒரெக்சின் கலங்கள் குருதியில் என்ன இருக்கிறது என்பதை நேரடியாகவே உணர்கின்றன. குளுக்கோசு ஏறினால் அடங்குகின்றன. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் லெப்டின் ஏறினாலும் அடங்குகின்றன. வெறும் வயிறு சுரக்கும் கிரெலின் வந்தால் கிளர்கின்றன. உணவில்லாத பிராணி தூங்கிக் கிடந்தால் சாகும். எழும்பித் தேடினால் பிழைக்கும். பசிக்கும் விழிப்புக்கும் ஒரே இடம் அமைந்தது இதனால்தான்.

சிவராத்திரிக்கு உபவாசத்தையும் கண்விழிப்பையும் ஒன்றாக விதித்தவர்கள் மூளையைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர். ஆனால் நாலு சாமமும் விழித்திருக்க வேண்டும் என்றால் வயிற்றை வெறுமையாக வைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. விரதம் இருக்கிற பெண்கள் மூன்றாம் சாமப் பூசைக்குத் தெளிவாக நிற்பதையும், பின்னேரமே வீட்டில் சோறும் கறியும் ஒரு பிடிபிடித்துவிட்டு வந்த பெடியள் கோயில் மண்டபத் தூணில் சாய்ந்து கிடப்பதையும் எந்த ஊர்ச் சிவன் கோயிலிலும் பார்க்கலாம். மத்தியானச் சோற்றுக்குப் பின் வரும் கிறக்கத்துக்கு நாளின் தாளமும் ஒரு காரணம், வெக்கையும் ஒரு காரணம். எல்லாப் பழியையும் குளுக்கோசின்மேல் போடக்கூடாது. ஆனாலும் 2011இல் வந்த ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் விகிதத்தில் அமினோ அமிலங்களைக் கலந்து கொடுத்தபோது எலிகளின் ஒரெக்சின் கலங்கள் அடங்கவில்லை, கிளர்ந்தன. குளுக்கோசு அவற்றை அடக்குவதையும் அந்தக் கலவை தடுத்தது. வெறும் பாணைத் தின்று சீனித் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுச் சோதனைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு முட்டையோ ஒரு கை அவித்த கடலையோ கொடுங்கள் என்று நான் சொல்வதற்கு, எலியில் செய்த ஆய்வென்றாலும், இது ஒரு காரணம்.

பட்டினி நீண்டால் விழிப்போடு விஷயம் முடிவதில்லை. கொழுப்புக் கரைய லெப்டின் விழுகிறது. லெப்டினை 1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டுபிடித்தபோது, உடல் பருமனுக்கு மருந்து கிடைத்துவிட்டது என்றே உலகம் கொண்டாடியது. அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்தது. லெப்டினின் முக்கிய வேலை பட்டினியை மூளைக்கு அறிவிப்பது என்று 1996இல் தெரியவந்தது. பட்டினி போட்ட எலிகளில் தைரொயிட் ஓமோன் விழும், இனப்பெருக்க ஓமோன்கள் விழும், மன அழுத்த ஓமோன் ஏறும். லெப்டினை ஊசியால் கொடுத்துக்கொண்டு பட்டினி போட்டபோது இந்த மாற்றங்கள் பெருமளவு நடக்கவில்லை. வயிறு காய்ந்துதான் இருந்தது. ஆனால் மூளைக்கு அது தெரியவில்லை.

இதில் கபச்சுரப்பிக்குப் போகும் பெப்டைட்டுகள்தான் இடையிலுள்ள கை. லெப்டின் குறைந்தால் தைரொயிட்டைத் தூண்டும் அந்த மூன்று அமினோ அமிலப் பெப்டைட் குறைகிறது. உடம்பு குளிர்கிறது, சோர்கிறது, சக்தியைச் சேமிக்கிறது. கிஸ்பெப்டின் என்ற இன்னொரு மூளைப் பெப்டைட்டும் குறைகிறது. அது குறைந்தால் சூலகத்தை நடத்தும் ஓமோன்கள் குறைந்து மாதவிடாய் நிற்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில், 1944-45இல், ஜேர்மன் முற்றுகையால் மேற்கு நெதர்லாந்தில் பஞ்சம் வந்தபோது பெருந்தொகையான பெண்களுக்கு மாதவிடாய் நின்றது. ஒன்பது மாதம் கழித்துப் பிறப்புகள் வெகுவாகக் குறைந்தன. 2004இல் அமெரிக்காவில், கடும் உடற்பயிற்சியாலும் மெலிவாலும் மாதவிடாய் நின்றிருந்த எட்டுப் பெண்களுக்கு லெப்டின் ஊசி ஏற்றினார்கள். மூவருக்குக் கருமுட்டை வெளிவந்து சுழற்சி திரும்பியது. தைரொயிட் ஓமோனும் ஏறியது.

வன்னியில் இறுதிப் போர் நடந்த 2009இன் முதல் மாதங்களில் கஞ்சியை மட்டும் குடித்து, பங்கருக்குள் வாரங்களைக் கழித்த பெண்களின் உடலும் இதே விதிகளுக்கு உட்பட்டதுதான். முறை வராமல் போனதை அவர்களிற் பலர் நோய் என்றும், சிலர் தங்கள் குற்றம் என்றும் நினைத்து யாரிடமும் வாய் திறக்கவில்லை. பிள்ளையைச் சுமக்க இது காலமில்லை என்று மூளை எடுத்த முடிவு அது. உடம்பு கெட்டுப்போனதால் வந்தது அல்ல. உயிரைக் காப்பாற்ற உடம்பு செய்தது.

பயத்துக்கும் ஒரு பெப்டைட் உண்டு. 1981இல் கலிபோர்னியாவின் சோக் நிறுவனத்தில் வைலி வேல் குழு அதை இனங்கண்டது. 41 அமினோ அமிலம். ஆபத்தை உணர்ந்தவுடன் பரிவகக்கீழ் இதைச் சுரக்கிறது, கபச்சுரப்பி தன் ஓமோனைச் சுரக்கிறது, சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பி கோட்டிசோலைக் குருதியில் விடுகிறது. ஈரலில் சேமித்த சக்தி குளுக்கோசாக வெளியே வருகிறது. இந்தப் பயப் பெப்டைட்டுக்கு ஒரெக்சின் கலங்களிலும் வாங்கிகள் இருக்கின்றன. அது வந்து தொட்டால் அவை கிளர்கின்றன. பசியும் பயமும் வேறுவேறு வழியால் வந்து ஒரே கலங்களைத் தட்டி எழுப்புகின்றன. கிளாலிக் கரையில் காத்திருந்தவர்களுக்கு நித்திரை வராததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆபத்துப் போன பிறகும் இந்தப் பாதை அடங்க மறுக்கலாம். போர் முடிந்த சில மாதங்களில், 2009 ஜூலைக்கும் செப்டெம்பருக்கும் இடையில், யாழ்ப்பாண மாவட்டத்தில் செய்த கணக்கெடுப்பு ஒன்று 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்தது. நூற்றுக்கு 7 பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய், 32.6 பேருக்குப் பதகளிப்பு, 22.2 பேருக்கு மனச்சோர்வு. அப்போதும் இடம்பெயர்ந்தே இருந்தவர்களில் இந்தத் தொகைகள் இன்னும் கூட. நித்திரையின்மை இவை மூன்றிலும் வரும் குறி. பேராசிரியர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து பல ஆண்டுகளாக எழுதிவந்ததும் இந்த வடுக்களைப் பற்றித்தான். பளையில் மீளக் குடியேறிய ஒருவர், வெடிச்சத்தம் ஓய்ந்து பத்துப் பதினைந்து வருடமாகியும் இரவு இரண்டு மணிக்குத் திடுக்கிட்டு எழும்புகிறார் என்றால், அதை மனத்திடமில்லாமை என்று சொல்வது அநியாயம். ஆபத்துக்கென அமைந்த கலங்கள் பழகிப்போய் விட்டன. மனநல கிளினிக்கில் காட்டினால் பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் அந்தப் பழக்கத்தைத் தணிக்க உதவும்.

ஒரெக்சினின் வாங்கிகளை மறித்து நித்திரை தரும் முதல் மாத்திரை, சுவோரெக்சன்ட், 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதிர்ப்பக்கமாக, வாங்கியைத் தூண்டி நார்கொலெப்சிக்கு உதவும் மாத்திரைகளும் மனிதரில் செய்த பரிசோதனைகளில் நல்ல பலன் காட்டியிருக்கின்றன. ஒரெக்சினையே மாத்திரையாகக் கொடுக்க முடியாது. பெப்டைட்டை விழுங்கினால் குடல் அதை மீன் துண்டைச் செமிப்பதுபோலவே செமித்துவிடும். மூளைப் பெப்டைட் என்று பெயரெழுதி, உடம்பைக் குறைக்கவும் மூளையைக் கூர்மையாக்கவும் என்று தொலைபேசியில் விளம்பரம் வரும் குளிகைகளை வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

வழி எதிர்த் திசையிலும் போகும். பசி நித்திரையைக் கெடுப்பதுபோல நித்திரைக் கேடு பசியைக் கூட்டுகிறது. 2004இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டார்கள். இன்னொரு முறை இரண்டு இரவுகள் பத்து மணித்தியாலம். குறைவாகப் படுத்தபோது லெப்டின் 18 வீதம் குறைந்தது, கிரெலின் 28 வீதம் கூடியது, பசி 24 வீதம் கூடியது. அவர்கள் விரும்பிக் கேட்டவை இனிப்பும் மாப்பண்டமும் உப்புச் சிற்றுண்டியும். கிளாலிக் கடலில் இரவிரவாக இறாலுக்கு நிற்பவர்களுக்கும், விடியற்புறம் நாலு மணிக்கே மரமேற எழும்பும் சீவல் தொழிலாளருக்கும், இரண்டு மணிவரை பாடம் படிக்கும் உயர்தர மாணவர்களுக்கும் இது பொருந்தும். சீனி வியாதி குடும்பத்தில் இருப்பவர் இதைக் கூடுதலாக எண்ணிப்பார்க்க வேண்டும். ஒரெக்சின் கலங்கள் அழிக்கப்பட்ட எலிகள் குறைவாகத் தின்றும் கொழுத்தன. நார்கொலெப்சி உள்ளவர்களுக்கும் உடல் எடை கூடுவது வழக்கம். எவ்வளவு சாப்பிடுகிறோம் என்பதோடு எப்போது விழித்திருக்கிறோம் என்பதையும் உடம்பு கணக்கில் எடுக்கிறது.

இனி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். நார்கொலெப்சி பெரும்பாலும் பத்து வயதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் தொடங்கும். இரவு போதுமான அளவு படுத்தும் வகுப்பில் நாள்தோறும் நித்திரையாகிற பிள்ளை, பகிடி கேட்டுச் சிரிக்கும்போது முழங்கால் மடங்கித் தொய்கிற பிள்ளை, நித்திரைக்குப் போகும்போதும் எழும்பும்போதும் கைகால் அசையாமல் கிடந்து உருவங்கள் தெரிந்ததாகச் சொல்கிற பிள்ளை இருந்தால், சோம்பேறி என்று அடிக்காதீர்கள், பேய் பிடித்தது என்று நூல் கட்டி விட்டுவிடாதீர்கள். எப்போது நித்திரையானான், எப்போது விழுந்தான் என்று இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அந்தக் கொப்பியோடு பளை வைத்தியசாலையில் காட்டி, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை நரம்பியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். இது மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய்.